இன்போர்டு படகில் பெட்ரோல் ஹோஸ் மாற்றுவது: எந்த ஹோஸ், எந்த வரிசை?

சுக்கான்:
நாலு சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்போர்டு (என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை). என்ஜின் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆனால் கசிவு எங்கும் கண்ணில் படவில்லை, பில்ஜும் (படகின் அடிப்பள்ளம்) காய்ந்துதான் கிடக்கிறது. டேங்கிலிருந்து ஃபில்டர் வரைக்கும், அங்கிருந்து பம்ப் வரைக்கும் பழைய ரப்பர் ஹோஸ். மேலே அச்சடித்த எழுத்து அழிந்துவிட்டது. இரண்டையும் மாற்றப் போகிறேன். கார் ஹோஸ் போடலாமா? வேலையை எந்த வரிசையில் செய்வது? ஸ்டார்ட் பண்ணும் முன் கசிவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

கடலோடி:
சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் வாடை வரும் என்றில்லை. வயதான ஹோஸின் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவியாக ஊடுருவி வெளியே வரும். சுத்தமான காய்ந்த துணியால் ஹோஸை அழுத்தித் துடைத்து, கொஞ்சம் தள்ளிப் போய் அந்தத் துணியை மோந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை இருந்தால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்துவிட்டது, வெளியே வெடிப்பே இல்லாவிட்டாலும் சரி.

கார் ஹோஸ் வேண்டவே வேண்டாம். காரில் கசிந்தால் கீழே ரோடு, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகின் அடிப்பகுதி மூடிய வாளி மாதிரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், இறங்கி பில்ஜில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும்.

வாங்க வேண்டியது "ஏ1" ரகம். ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும். "ஏ" என்றால் நெருப்பில் இரண்டரை நிமிடம் தாங்கும் என்று சோதித்தது, "பி" ரகத்துக்கு அந்தச் சோதனை கிடையாது. "1" என்றால் உள்ளே எப்போதும் எரிபொருள் நிற்கும் இடத்துக்கானது. "ஏ1-15" கிடைத்தால் அதையே எடுங்கள். ஊடுருவும் அளவு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் 15 கிராமுக்குள், சாதாரண ஏ1-க்கு வரம்பு 100 கிராம். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். உள்விட்டம் பழைய ஹோஸில் இருந்ததேதான், குறைக்காதீர்கள்.

ஃபில் ஹோஸையும் (டேங்கில் பெட்ரோல் நிரப்பும் ஹோஸ்) வென்ட் ஹோஸையும் (டேங்கின் காற்றுப்போக்கி ஹோஸ்) விட்டுவிட வேண்டாம். வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே.

நங்கூரம்:
வரிசையை நான் சொல்கிறேன்.

மூடிகளையெல்லாம் திறந்து ப்ளோயர் (என்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் ஃபேன்) ஓட்டி வாடை போன பிறகுதான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றும்போதே பொறி வரலாம். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, தானியங்கி பில்ஜ் பம்ப் பல படகுகளில் நேரடியாகப் பேட்டரியில் இருக்கும். சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டு ஃபேன், வேக்வம் கிளீனர், சாதாரண ட்ரில் எதுவும் அருகில் வரக்கூடாது.

பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) உடையும். நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறி உரித்தெடுங்கள். கத்தி பித்தளையில் கோடு போட்டால் அந்தக் கோடு வழியாகவே பிறகு கசியும். திறந்த முனைகளை உடனே அடைத்துவிடுங்கள். ஹோஸில் மிச்சமிருப்பது ஒரு டம்ளர் அளவாவது கொட்டும், கீழே பாத்திரம் வைக்க மறக்காதீர்கள்.

புது ஹோஸின் முனையை நேராக வெட்டி, சோப்புத் தண்ணீர் லேசாகத் தடவி, நிப்பிளின் அடிவரை தள்ளுங்கள். ஹீட் கன் கூடாது. கிளாம்ப் ஸ்டெயின்லெஸ், பட்டை குறைந்தது 8 மி.மீ. அகலம், துளையில்லாத வழவழப்பான பட்டையாக இருக்கட்டும். துளையுள்ள பட்டையில் ரப்பர் பிதுங்கி அறுபடும். நிப்பிளின் மேட்டைத் தாண்டி, ஹோஸ் முனையிலிருந்து 6 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். ஸ்பிரிங் கிளிப் ஆகாது. ஃபில் ஹோஸுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப்.

டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். கிழிந்த துண்டு ஃபில்டரிலோ கார்புரேட்டரிலோ போய் அடைக்கும். பைப் த்ரெட்டுக்குப் பெட்ரோல் தாங்கும் பேஸ்ட், முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். ஃப்ளேர் மூட்டுக்கு (குழாயின் முனையை விரித்து நட்டால் இறுக்கும் மூட்டு) எதுவும் தேவையில்லை.

பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை இருக்கும் உலோகக் குழாயை ரப்பராக மாற்றிவிடாதீர்கள். அது அழுத்தம் உள்ள பக்கம். அதன் நட்டைத் திருகும்போது கார்புரேட்டர் பக்க நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கார்புரேட்டரின் மரை போய்விடும்.

கடலோடி:
சோதனை பற்றி. டேங்க் பக்க முனையை அடைத்து, பம்ப் பக்க முனையில் கேஜ் உள்ள கைப்பம்பை மாட்டி 3 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். ஃபில் ஹோஸின் கசிவு டேங்க் நிறைந்தால்தான் தெரியும், அதனால் பெட்ரோல் நிரப்பியவுடன் ஒருமுறை டிஷ்யூ பேப்பரை மூட்டுகளில் ஒற்றிப் பாருங்கள். பிறகு மூடியை ஒரு மணி நேரம் மூடி வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் ப்ளோயரைக் குறைந்தது நாலு நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாம். என்ஜின் சூடாகி ஆறிய பிறகு கிளாம்ப்களை மறுபடி பாருங்கள், ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

சுக்கான்:
மிக்க நன்றி அண்ணா. ஹோஸ் மாற்றியாகிவிட்டது, 3 பிஎஸ்ஐ அசையாமல் நின்றது, வாடையும் இல்லை. ஐடிலில் நன்றாக ஓடுகிறது. 3000 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் மூச்சு வாங்குகிறது.

நங்கூரம்:
அழுத்தம் நின்றதால் காற்று இழுக்க வாய்ப்பு குறைவு. அடைப்பைத்தான் சந்தேகப்படணும். ஹோஸ் எங்காவது மடிந்து நெரிந்திருக்கிறதா என்று முதலில் கையால் தடவிப் பாருங்கள். அடுத்தது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் முனையில் இருக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு, உள்ளே ஒரு குண்டு இருக்கும். டேங்கிலிருந்து வரும் அழுக்கு அந்தக் குண்டை மாட்டவைத்திருக்கலாம். பம்பின் இன்லெட்டில் வேக்வம் கேஜ் வைத்து ஃபுல் லோடில் ஓட்டிப் பாருங்கள். பாதரச அளவில் 2 அங்குலத்தைத் தாண்டினால் எங்கோ நெரிகிறது.

வால்வைச் சுத்தம் பண்ணுங்கள், இல்லை புதிதாகப் போடுங்கள். குண்டைப் பிடுங்கிவிட்டு வெற்று வால்வாகத் திருப்பி மாட்டுவது மட்டும் கூடாது. டேங்கின் மட்டத்துக்குக் கீழே ஹோஸ் அறுந்தால், அந்தக் குண்டுதான் டேங்க் பெட்ரோல் முழுவதும் பில்ஜில் இறங்காமல் தடுப்பது.