கார்வெட் சி3 ஃபைபர் பம்பர்ல விரிசல், ஃபிட்டிங்கும் சரியில்ல. ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கணுமா?

பழையவண்டி_ராம் (ஹூஸ்டன்)

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 1976 கார்வெட் ஸ்டிங்ரே ஒண்ணு இருக்கு (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார், மூணாவது தலைமுறை, அதான் சி3), 350 கியூபிக் இன்ச் இன்ஜின், ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல, பிரச்சனை பூரா பம்பர்லதான்.

இந்த வண்டி பத்தி தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். கார்வெட்டுக்கு 1953லேர்ந்தே பாடி ஃபைபர்கிளாஸ்தான், ஆனா 1973ல முன்னாடியும் 1974ல பின்னாடியும் குரோம் பம்பரை தூக்கிட்டு யூரித்தேன் (வளைஞ்சு கொடுக்கற ஒருவகை பிளாஸ்டிக்) கவர் போட்டாங்க, மணிக்கு 5 மைல் வேகத்துல இடிச்சா தாங்கணும்னு அமெரிக்காவுல ரூல் வந்ததால. அந்த யூரித்தேன் வருஷக்கணக்கா வெயில்ல நின்னு அலை அலையா நெளிஞ்சு, கடைசில கை வச்சா உதிர்ற அளவுக்கு போயிடும். அதனால நிறைய பேர் அதை கழட்டி போட்டுட்டு அதே ஷேப்ல ஃபைபர்கிளாஸ் பம்பர் மாட்டிடறாங்க. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரும் முன்னாடி பின்னாடி ரெண்டுமே அப்படித்தான் மாத்தியிருக்கார்.

இப்ப நிலைமை என்னன்னா, பின் பம்பர் இடது மூலையில டெயில் லைட் ஓட்டைலேர்ந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். பெயிண்ட சுரண்டி பாத்தா உள்ள கெட்டியா பட்டி, அரை இன்ச் இருக்கும், பாளம் பாளமா பேந்து வருது, அதுக்கு அடியில வெள்ளை வெள்ளையா நாரு தெரியுது. முன் பம்பர்ல ஒவ்வொரு போல்ட் ஓட்டையச் சுத்தியும் குட்டி குட்டி விரிசல். அதோட வலது பக்கம் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேல வர்ற பாடி பகுதி) பம்பருக்கும் நடுவுல சுண்டுவிரல் போற அளவுக்கு கேப், இடது பக்கம் இடிச்சுக்கிட்டு நிக்குது.

பக்கத்துல ஒரு பாடி ஷாப்ல கேட்டேன், ஃபைபர் வேலை நாங்க எடுக்கறதில்லனு சொல்லிட்டாங்க. நானே பண்ணலாம்னு இருக்கேன், வீட்ல கராஜ் இருக்கு, நேரமும் இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கறது? நாரை ஒட்டி இறுகற ரெசின் எது போடறது, பாலியஸ்டரா எபாக்ஸியா? அந்த கேப்பை எப்படி சரி பண்றது?

ஸ்டிங்ரே_சிவா (மிச்சிகன்)

ராம், முதல்ல ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் விட்றாதீங்க. ரிப்பேரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பம்பரை வண்டியில சரியா உக்கார வைங்க. நிறைய பேர் கழட்டி டேபிள் மேல வச்சு அழகா ஒட்டி தேச்சு பெயிண்ட் வரைக்கும் போயிட்டு அப்புறம் கொண்டு வந்து மாட்டுவாங்க, அப்ப உக்காராது, போல்ட்ட போட்டு இழுப்பாங்க, திரும்ப அதே எடத்துல விரியும். உங்க முன் பம்பர் போல்ட் ஓட்டையில விரிசல் விட்டதுக்கு காரணமும் அதான். யூரித்தேன் கவர்னா வளைஞ்சு கொடுக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். ஃபைபர் வராது. இழுத்து மாட்டினா அந்த இழுவிசை பூரா ஓட்டைக்கிட்டயே நிக்கும், ரோட்டுல அதிர அதிர அங்கயேதான் பிளக்கும்.

அதனால வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கணும், ஜாக்கில தூக்கி வச்சு ஃபிட்டிங் பாக்காதீங்க, பாடி கொஞ்சம் முறுக்கிக்கும், கேப் பொய் சொல்லும். பின்னாடி டெயில் லைட்ட கழட்டினா அந்த ஓட்டை வழியா கைய விட்டு நட்டெல்லாம் எட்டிடலாம், மிச்சம் கீழேர்ந்து. எல்லா போல்ட்டையும் விரலால மட்டும் முடுக்கி வச்சுட்டு நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமா போங்க. எங்க ஓட்டை நேரா வரலையோ அங்க போல்ட்ட வளைக்காதீங்க, ஓட்டைய நீள்வாக்குல ராவி விடுங்க. வாஷர் பெரிய வட்டமா, அகலமா இருக்கறதா போடுங்க, சின்ன வாஷர் ஃபைபருக்குள்ள புதைஞ்சு போயிடும். எங்க பம்பர் பாடிய தொடாம நிக்குதோ அங்க போல்ட்டால இழுக்காம ஷிம் (இடைவெளிய நிரப்பற மெல்லிசான தகடு) வைங்க.

கேப் அளக்க பெயிண்ட் கலக்கற மரக்குச்சி போதும், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் கனம் இருக்கும், சுத்தி சொருகி வச்சா எங்க டைட், எங்க லூஸ்னு உடனே தெரியும். முன்னாடி ஹெட்லைட்ட மேல தூக்கியும் பாருங்க, கீழ இறக்கியும் பாருங்க. அது வேக்குவத்துல ஏறி இறங்கற சமாச்சாரம், பம்பர் ஒரு பக்கம் தள்ளி உக்காந்தா மூடி உரசும்.

இன்னொண்ணு, பம்பருக்கு உள்ள இடிய வாங்கற சட்டம், அதான் இம்பேக்ட் பார், இருக்கானு பாருங்க. ஃபைபர் மாட்டறப்ப எடம் பத்தலனு அதை தூக்கி எறிஞ்சவங்க உண்டு. ஃபைபர் பம்பருக்கு இடிய வாங்கற தன்மை கிடையாது, பாரும் இல்லன்னா பின்னாடி இடிச்சா நேரா பாடிதான், அங்கயேதான் பெட்ரோல் டேங்க்கும் இருக்கு. இல்லன்னா தேடி வாங்கி போடுங்க, பம்பர் அழகை விட இது முக்கியம்.

நாகை_மணி (நாகப்பட்டினம்)

தம்பி, கார் வேலை எனக்குத் தெரியாது, ஆனா பைபர் போட்டு கட்டறதும் உடைஞ்சத ஒட்டறதும்தான் நம்ம பொழப்பு, பொருள் ஒண்ணுதான், அதனால சொல்றேன்.

மொதல்ல அந்த பட்டிய பூரா எடுத்துடு. பட்டிங்கறது மேடு பள்ளம் சமன் பண்ண, விரிசலை புடிச்சு நிறுத்த இல்ல. அடியில நாரு பிரிஞ்சு கெடக்கும்போது மேல எவ்ளோ பட்டி அப்பினாலும் பேந்துதான் வரும். கிரைண்டர் வைக்கறதுக்கு முன்னாடி மெழுகு, எண்ணெய் போற மாதிரி சால்வெண்ட் போட்டு நல்லா தொடச்சிடு, இல்லன்னா பாலீஷ் மெழுகெல்லாம் உள்ள தேச்சு ஏத்தி விட்ருவ, அப்புறம் ரெசின் புடிக்காது.

விரிசல் கண்ணுக்கு தெரியறதோட நிக்காது. ஒரு காசால தட்டிக்கிட்டே போ, நல்ல எடம் கணீர்னு கேக்கும், லேயர் பிரிஞ்ச எடம் சத்தமே செத்து போய் டொக் டொக்குனு கேக்கும். அந்த செத்த எடம் முடியற வரைக்கும் தேச்சாகணும். உள்பக்கம் லைட் அடிச்சு பாத்தா வெள்ளையா பூத்து போயிருக்கும், அதுவும் கெட்டதுதான்.

தேய்க்கறது சரிவா தேய்க்கணும். கனத்துக்கு 12 மடங்கு அகலம்னு கணக்கு வச்சுக்க. பம்பர் 3 மில்லிமீட்டர் கனம்னா விரிசலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர், ஒண்ணரை இன்ச்சுக்கு கொஞ்சம் கம்மி, பேப்பர் மாதிரி மெலிஞ்சு போய் முடியணும். ஒட்டுக்கு பலமே இந்த சரிவுலதான். நேரா வி ஷேப்ல வெட்டி ரெசின ஊத்தறாங்க பாரு, அது கண்ணாடித் துண்டு மாதிரி, ஒரே அதிர்ச்சியில தெறிச்சிடும்.

உள்பக்கம் மொதல்ல போடு. 450 கிராம் மேட்டு (கண்ணாடி நாரு விரிப்பு, சதுர மீட்டருக்கு 450 கிராம்), அங்க ஒண்ணரை அவுன்ஸ் மேட்டுனு குடுப்பாங்க, ஒரு லேயர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் குடுக்கும். கத்திரியால வெட்டாத, கையால கிழி, அப்பதான் ஓரம் நாரு நாரா நின்னு கீழ் லேயரோட கலக்கும். சின்ன துண்டு மொதல்ல, அதுக்கு மேல அதைவிட பெருசு. மேட்டு எடைக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் போதும், அதிகமா ஊத்தினா பலம் வராது, நொறுங்கற தன்மைதான் வரும். வரி வரியா இருக்கற அலுமினிய ரோலர் வச்சு காத்து பூரா வெளிய வர்ற வரைக்கும் உருட்டு. ஒரு குமிழ் உள்ள நின்னாலும் நாளைக்கு வெயில்ல அது உப்பிக்கிட்டு வந்து பெயிண்ட்ட தூக்கும்.

உள்ள காஞ்சப்புறம் வெளிப்பக்கம் அதே சரிவு தேச்சு லேயர் போட்டு ரொப்பு. கடைசியா மேல மெல்லிசா மட்டும் பட்டி.

கேட்டலிஸ்ட், அதான் ரெசின இறுக வைக்கற மருந்து, அது விஷயத்துல விளையாடாத. ரெசினுக்கு 1லேர்ந்து 2 சதவீதம், 100 மில்லிக்கு 1 முதல் 2 மில்லி. ஹூஸ்டன் வெயிலுக்கு 1 பக்கமே நில்லு. சீக்கிரம் காயணும்னு அள்ளி ஊத்தினா கப்பிலயே கொதிச்சு புகையும், தீ கூட புடிக்கும். சின்ன சின்னதா கலக்கு. கண்ணுல ஒரு சொட்டு பட்டா பார்வையே போயிடும், கண்ணாடி போடாம பாட்டில் மூடிய தொறக்காத. இங்க கோபால்ட் (இறுகறத வேகப்படுத்தற மருந்து) தனியா குடுப்பான், அத மொதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேருக்கு நேர் சேத்தா வெடிக்கும். உங்க ஊர்ல கோபால்ட் கலந்தேதான் வரும்னு கேள்வி, இருந்தாலும் டப்பாவ படிச்சுப் பாரு.

தூசி அரிப்பு எடுக்கும். முழுக்கை சட்டை, மாஸ்க், முடிஞ்சதும் பச்சத்தண்ணில குளி. சுடுதண்ணி வேணாம்.

குளிர்நாட்டான் (ஸ்கார்பரோ)

மணி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் இஞ்ச ஒரு பழைய லோட்டஸ் எலான் கார் வச்சிருக்கிறன், அதுவும் முழு ஃபைபர் பாடிதான், பம்பரும் ஃபைபர், உள்ளுக்குள்ள ஃபோம் அடைச்சது. ஒரு விசயம் மட்டும் சேர்க்கிறன். 15 டிகிரிக்குக் கீழ போனா பாலியஸ்டர் ஒழுங்கா இறுகாது, மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்க பச்சையாத்தான் நிக்கும், பிறகு தேய்க்கேக்க பேப்பர்ல ஒட்டிக்கொண்டு வரும். ஹூஸ்டன்ல கோடையில உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது, ஆனா குளிர்காலத்தில செய்யிறதெண்டா ஹீட்டர் வைக்கிறத ரெசின் பூசுறதுக்கு முதலே வைச்சு பம்பரையும் சூடாக்குங்கோ, கராஜ் காத்து மட்டும் சூடா இருந்தாக் காணாது. நெருப்புத் தெரியிற ஹீட்டர் கிட்டவும் வேண்டாம், அந்த ஆவி பத்தும்.

பழையவண்டி_ராம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மணி அண்ணா, நீங்க சொன்ன மாதிரி காசால தட்டிப் பாத்தேன், விரிசல் ஒரு ஜாண்தான், ஆனா செத்த சத்தம் லைசென்ஸ் பிளேட் பக்கம் வரைக்கும் போகுது. பட்டி எடுத்தப்புறம் உள்ள ரெண்டு லேயர் தனித்தனியா விரிஞ்சு நிக்கறது தெரியுது.

சிவா, இம்பேக்ட் பார் இருக்கு, நிம்மதி. ஆனா முன் பம்பர் வலது பக்கம் எவ்ளோ ஷிம் வச்சாலும் கேப் போகல, பம்பரே முறுக்கிக்கிட்டு இருக்கற மாதிரி தெரியுது. எபாக்ஸி போடலாமா, அது பலம் ஜாஸ்தினு எல்லாரும் சொல்றாங்க, அதுக்கும் இந்த மேட்டே போதுமா?

நாகை_மணி

எபாக்ஸி பழைய பைபர் மேல நல்லாவே புடிக்கும், பாலியஸ்டரை விட நல்லாவே புடிக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா மேட்டு வேணாம். மேட்டுல நாரெல்லாம் சேந்து நிக்கறதுக்கு ஒரு பவுடர் பசை போட்டிருப்பான், பாலியஸ்டர்ல இருக்கற ஸ்டைரின்தான் அதை கரைக்கும். எபாக்ஸில ஸ்டைரின் இல்ல, அதனால மேட்டு வெறப்பா நிக்கும், மூலையில படியாது, காத்து நிக்கும். எபாக்ஸினா நெய்த துணி வாங்கு. காஞ்சப்புறம் மேல ஒரு பிசுக்கு படியும், அத தண்ணி விட்டு கழுவிட்டுத்தான் பேப்பர் போடணும்.

ஒண்ணு முடிவு பண்ணா அதுலயே போ. எபாக்ஸி மேல பாலியஸ்டர் லேயர் போட்டா சரியா ஒட்டாது. பாலியஸ்டர்லயே போறதா இருந்தா லேமினேட்டிங் ரெசின் கேட்டு வாங்கு, மெழுகு கலந்ததுன்னா ஒவ்வொரு லேயரும் காஞ்சப்புறம் தேச்சாத்தான் அடுத்தது புடிக்கும்.

செத்த சத்தம் அவ்ளோ தூரம் போகுதுன்னா அத விட்டு வைக்காத, அது வரைக்கும் தேச்சுடு. வேலை ஜாஸ்திதான், ஆனா புது பம்பர் வாங்கினாலும் உனக்கு ஃபிட்டிங் வேலை இருக்கத்தானே போகுது, இதை தேத்தலாம்.

ஸ்டிங்ரே_சிவா

முறுக்கின பம்பருக்கு வழி இருக்கு ராம். முழுசா இறுகறதுக்கு முன்னாடியே அச்சுலேர்ந்து எடுத்திருப்பாங்க, அதான் முறுக்கியிருக்கு. ஷிம் இதுக்கு தீர்வு இல்ல, பம்பரோட ஷேப்பையே மாத்தணும். உள்பக்கத்துல, முறுக்கு எங்க ஆரம்பிக்குதோ அங்க விளிம்புலேர்ந்து உள்நோக்கி ஒரு வெட்டு போடுங்க. இப்ப தானா தளரும். வண்டியிலயே மாட்டி, கேப் சரியா வர்ற எடத்துக்கு கொண்டு வந்து கிளாம்ப் போட்டு நிறுத்துங்க, போல்ட்ட நம்பி இழுக்காதீங்க. அப்படியே உள்பக்கம் அந்த வெட்டு மேல மேட்டு போடுங்க. முழுசா இறுகற வரைக்கும் கழட்டவே கூடாது. அப்புறம் கழட்டி வெளிப்பக்கம் சரிவு தேச்சு போட்டுக்கலாம்.

இதுக்கு அப்புறமும் விளிம்பு குட்டையா இருந்தா விளிம்ப வளத்துக்கலாம். ஃபெண்டர் ஓரத்துல பேக்கிங் டேப் ஒட்டிடுங்க, ரெசின் அதுல புடிக்காது. பம்பர் விளிம்ப மட்டும் தேச்சுட்டு நாரு கலந்த ரெசின ஃபெண்டர் வரைக்கும் ரொப்புங்க, காஞ்சதும் கழட்டினா ஃபெண்டரோட வளைவு அப்படியே பதிஞ்சிருக்கும். அதுலேர்ந்து மரக்குச்சி போற அளவுக்கு தேச்சு எடுத்தா இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே கேப்.

ஆனா கேப்பே வேணாம்னு பம்பரை பாடியோட சேத்து ஒட்டி மூடிடாதீங்க, பாக்க வழவழன்னு அழகா இருக்கும், கொஞ்ச நாள்ல அந்த ஜாயிண்ட் நெடுக கோடு விழும். பம்பரும் பாடியும் ஒரே மாதிரி அதிராது.

ஒருவேளை பின் பம்பர் தேறலைன்னு புதுசு வாங்கினா வருஷம் பாத்து வாங்குங்க. 1974 பின்னாடி ரெண்டு பீஸ், நடுவுல ஜாயிண்ட் இருக்கும், 1975லேர்ந்து ஒரே பீஸ். 1980க்கு மேல ஸ்பாய்லர் சேந்த டிசைன், அது உங்களுக்கு சுத்தமா ஆகாது.

பழையவண்டி_ராம்

வெட்டு போடறது பயமா இருக்கு, ஆனா லாஜிக் புரியுது, அப்படியே பண்றேன். பெயிண்ட் எப்ப அடிக்கலாம்? கருப்பு அடிக்கணும்னு ஆசை.

ஸ்டிங்ரே_சிவா

அவசரப்படாதீங்க. ரிப்பேர் முடிஞ்சதும் எபாக்ஸி பிரைமர் மட்டும் அடிச்சுட்டு வண்டியில மாட்டின நிலையிலயே சில வாரம் வெயில்ல நிக்க விடுங்க. புது ரெசின் இன்னும் சுருங்கும், அந்த சுருக்கம் பிரைமர்லயே தெரிஞ்சிடட்டும். அப்புறம் நீள பிளாக் வச்சு தேச்சு, மேட்டு நாரோட வரி எங்கயாவது தெரியுதானு டியூப் லைட்ட சாய்வா பிடிச்சு பாருங்க. கருப்பு எதையும் மறைக்காது, அதோட வெயில்ல வெள்ளைய விட ரொம்ப சூடாகும், அந்த சூட்டுல மிச்சம் இருக்கற வரியெல்லாம் மேல எழும்பி வரும். கருப்புதான் வேணும்னா இந்த வெயில் காய வைக்கற வேலைய பாதியில நிறுத்தாதீங்க. முன் பம்பரோட அந்த வெட்டு மேல போட்ட லேயர் போட்டோ போடுங்க, பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்.