காட்டுப் பூங்காவில் ஒரு நாள் குதிரைச் சவாரி: 22 கி.மீ. வைக்கலாமா?

குளம்படி:
வணக்கம். ஐந்து பேர், ஐந்து குதிரைகள். மூவருக்குச் சவாரி நன்றாகத் தெரியும். மற்ற இருவர் மைதானத்துக்குள் மட்டுமே பழகியவர்கள். பூங்காவைச் சுற்றிவரும் குதிரைப் பாதை 22 கி.மீ., வழியில் ஒரு மரப்பாலமும் ஓடையும் உண்டு. காலை 8 மணிக்குக் கிளம்பினால் முடிக்க முடியுமா? மதியம் குதிரைகளை எப்படிக் கட்டுவது?

சேணவார்:
முடிக்கலாம், ஆனால் அந்த இருவரோடு வேண்டாம். சமதரையில் குதிரை மணிக்கு சுமார் 6 கி.மீ. நடக்கும். வேரும் கல்லும் ஏற்றமுமாக இருக்கும் பாதையில் 4, 5தான் தேறும். அப்படியானால் சேணத்தில் மட்டுமே ஐந்து மணி நேரம். பழகாதவருக்கு மூன்று மணி நேரத்திலேயே முழங்கால் பிடித்துக்கொள்ளும். வலி தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். அந்தக் கோணல் பாரத்தைச் சுமப்பது குதிரையின் முதுகு. மறுநாள் கை வைத்தாலே கூசி வளையும். 12 முதல் 14 கி.மீ. போதும். சீக்கிரம் திரும்ப ஒரு குறுக்குப் பாதையையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

ஆள், சேணம், பை எல்லாம் சேர்த்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. ஏற்றம் அதிகமென்றால் இன்னும் குறையுங்கள்.

பிடரி:
சேணத்தை வயித்தோட சேர்த்துக் கட்டுற வயிற்று வாரைப் பத்தி யாரும் சொல்லல, அதான் முக்கியம். வார் இறுக்கும்போது நிறைய குதிரைங்க உடம்பை விறைச்சுக்கும். பத்து நிமிஷம் நடந்ததும் வார் தொளதொளன்னு ஆயிடும். அப்போ ஏத்தத்துல சேணம் பின்னால வழுக்கும், ஏறி இறங்கும்போது பக்கவாட்டுல புரளும். அதனால ஏறும் முன்ன ஒரு தடவை, 10 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பாருங்க. வாருக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் கொஞ்சம் இறுக்கமா நுழையணும்.

முன்னங்காலுக்குப் பின்னால வாருக்கடியில கையை விட்டுத் தடவுங்க. தோல் மடிஞ்சு மாட்டியிருந்தா உரசி உரசிப் புண்ணாயிடும். முன்னங்காலை மடக்கித் தூக்கி மெதுவா முன்னுக்கு இழுத்துவிட்டா மடிப்பு நேராயிடும். சேணத் துணிக்குள்ள ஒரு சின்ன சுள்ளி இருந்தாலும் இதே கதிதான்.

செருப்போ குதிகால் இல்லாத ஷூவோ வேண்டாம், கால் அங்கவடிக்குள்ள (சேணத்துல தொங்குற, கால் வைக்கிற வளையம்) முழுசா போய் மாட்டிக்கும். போனை சேணப் பையில வைக்காதீங்க. நீங்க விழுந்தா குதிரையோட சேர்ந்து அதுவும் ஓடிடும்.

சேணவார்:
கட்டும் விஷயம்: கடிவாள வாரில் கட்டவே கூடாது. மிரண்டு பின்வாங்கினால் வாய் கிழியும். தலைக்கயிறு தனியாகக் கொண்டுபோங்கள். குதிரையின் தோள்மேட்டு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) உயரத்தில், ஒரு கை நீளம் விட்டு, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கயிறு நீண்டால் காலைப் போட்டுச் சிக்கிக்கொள்ளும். மரத்தில் கட்டப் பூங்கா அனுமதித்தால், இரண்டு மரங்களுக்கு அகலமான பட்டை சுற்றி, நடுவில் தலைக்கு மேல் கயிறு இழுத்து அதில் கட்டுங்கள். மரப்பட்டையும் உரியாது, குளம்பு வேரையும் பறிக்காது.

வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது தவறு. வழியில் கண்ட இடத்திலெல்லாம் குடிக்க விடுங்கள். ஒன்று குடித்துவிட்டு நகர்ந்தால் மற்றவையும் குடிப்பதை விட்டுப் பின்னாலேயே போகும், ஆகவே கடைசிக் குதிரை தலை தூக்கும்வரை எல்லோரும் நிற்க வேண்டும்.

குளம்படி:
நன்றி. 13 கி.மீ. என்று மாற்றிவிட்டேன். பாலத்தில் மிரண்டால்?

பிடரி:
பாலம் பழகின குதிரையை முதல்ல விடுங்க, ஒவ்வொண்ணா கடக்கட்டும். அந்தப் பக்கம் போனவங்க கடைசி ஆள் வரும்வரை நகரக் கூடாது. ஈரப் பலகையில லாடம் வழுக்கும், இறங்கிப் பிடிச்சுட்டுப் போங்க. குதிரைக்கு நேர் முன்னால நிக்காதீங்க, தோள் பக்கமா நடங்க. பயந்து தாவினா உங்க மேலதான் இறங்கும். ஓடையில நின்னு முன்னங்காலால தண்ணியை அடிக்க ஆரம்பிச்சா படுத்துப் புரளப் போகுதுன்னு அர்த்தம். உடனே தலையைத் தூக்கி, காலால அழுத்தி முன்னுக்கு ஓட்டிடுங்க.