பிலடெல்பியா போய்ச் சேர்ந்த பிறகும் ஏன் ஓடினார்கள்?

ஜார்ஜ்டவுன் ஆசிரியை:
சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். சென்ற வாரம் எல்லன், வில்லியம் கிராஃப்ட் கதை. 1848 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து தப்பிய அடிமைத் தம்பதி. எல்லன் வெள்ளைத் தோலுடையவள் (அவளைப் பெற்றவனே அவளுடைய முதல் எஜமான்). முடியை வெட்டிக்கொண்டு நோயாளி முதலாளியாக வேடமிட்டாள். கணவன் வேலைக்காரனாகப் பின்னால் நடந்தான். விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்கள், அவளுக்கோ எழுதத் தெரியாது. அதனால் வலக்கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் எஜமான் குடும்பத்துக்குத் தெரிந்தவன்! காது கேளாதவள்போல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியா, அடிமைமுறை இல்லாத வடமாநில ஊர். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வாண்டு மட்டும், "பிறகு ஏன் இங்கிலாந்துக்குப் போனார்கள்?" என்று மடக்கிவிட்டது. விளக்கமாகச் சொல்ல யாராவது உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் பழைய வக்கீல்:
கெட்டிக்காரப் பிள்ளை, அம்மா. 1850-இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. வடமாநிலத்தில் இருந்தாலும் பிடித்துக் கொண்டுபோகலாம். ஜூரி கிடையாது; பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் அதிகாரி திருப்பி அனுப்பினால் அவருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை அதிகம் என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு! நாற்பது வருடம் கோர்ட்டு வாசலில் நின்றவன் சொல்கிறேன், இப்படிப் பச்சையாக விலைபேசிய சட்டத்தை நான் படித்ததில்லை. பாஸ்டனில் குடியிருந்த இவர்களைத் தேடி ஆட்கள் வந்துவிட்டார்கள். அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வழியாக இங்கிலாந்தின் லிவர்பூல். 1852-இல் முதல் மகன் இங்கிலாந்தில் பிறந்தான். அவனுக்கு எஜமான் என்று எவனும் இல்லை.

செபராங் பிறை வாசி:
இங்கிலாந்தை ரொம்பவும் புகழ வேண்டாம் ஐயா. அடிமைமுறையை ஒழித்த 1833 சட்டப்படி 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்களே, யாருக்கு? எஜமானர்களுக்கு. மலாயாவில் இந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களைச் சஞ்சிக்கூலிகளாக (ஒப்பந்தக் கூலிகளாக) ஏற்றிவந்ததும் அவர்கள் ஆட்சிதான். ஒப்பந்தம் முடியுமுன் ஓடினால் ஜெயில். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய வக்கீல்:
சொல்லட்டும், ஆனால் தனிக் கதையாக. சஞ்சிக்கூலி கொடுமைதான், 1910-இல்தான் நிறுத்தினார்கள். என்றாலும் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது, பெற்ற பிள்ளையைச் சந்தையில் விற்கவில்லை. இரண்டையும் ஒரே உலையில் போட்டால் இரண்டுமே வேகாது.

ஜார்ஜ்டவுன் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. இந்த வாரம் அந்த 10 டாலர், 5 டாலர் கணக்கு. கரும்புத் தோட்டம் அடுத்த மாதம். வாண்டு இப்போதே, "அந்தப் பணத்தை யார் கொடுத்தது?" என்று கேட்பான், பதிலைத் தயாராக வைத்திருங்கள் ஐயா.

பிரிக்பீல்ட்ஸ் பழைய வக்கீல்:
பிடித்துத்தரச் சொன்ன எஜமான்தான், அம்மா.