மறு: மெக்கைவர் முதல் சீசன் - ‘ஓப்பனிங் கேம்பிட்’டுக்கு தமிழ்ல என்ன?

எல்லாருக்கும் வணக்கம்,

மெக்கைவர்ங்கிற அமெரிக்க டிவி தொடர்ல எபிசோட் ஆரம்பத்துல வர்ற குட்டி சாகசத்தை ‘ஓப்பனிங் கேம்பிட்’னு சொல்வாங்க, அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடிக்கிட்டு இருக்கோம். அதுக்கு ஐயா நேத்து இங்க போட்ட ‘தொடக்கப் பலி’ மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். கேம்பிட் செஸ் வார்த்தைதான், ஒரு சிப்பாயை வெட்டக் குடுத்து அதுக்குப் பதிலா நல்ல இடத்தைப் பிடிக்கிறது, இத்தாலிய மொழியில காலைத் தட்டி விழ வைக்கிறதுக்கு சொல்ற வார்த்தையில இருந்து வந்தது, அதெல்லாம் சரி. ஆனா மெக்கைவர்ல அந்த இடத்துல யாரு எதை பலி குடுக்கிறாங்க? ஒண்ணுமே இல்லை. அங்க வேலை செய்யாத அர்த்தத்தை நாம ஏன் தமிழுக்குத் தூக்கிட்டு வரணும்?

தொடர் பாக்காதவங்களுக்காக சொல்றேன். ஏபிசி சேனல்ல 1985 செப்டம்பர் 29 ஆரம்பிச்சு 1986 மே வரைக்கும் ஓடின முதல் சீசன், 22 எபிசோட். டைட்டிலுக்கு முன்னாடியோ எபிசோட் ஆரம்பத்துலயோ ஒரு குட்டி சாகசம் வரும். முதல் எபிசோடையே எடுத்துக்கோங்க, மத்திய ஆசியாவுல ஒரு மலை முகாம்ல மாட்டிக்கிட்ட விமானியை ஹீரோ மெக்கைவர் மீட்டுக்கிட்டு வர்றான், அதோட அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வர்ற மெயின் கதை நியூ மெக்சிகோவுல, பூமிக்கு அடியில வெடிச்சுப்போன ஆராய்ச்சிக்கூடம். கந்தக அமிலம் ஒழுகிக்கிட்டு இருக்கு, இவன் பையில இருந்து சாக்லேட்டை எடுத்து கசியற இடத்துல அப்பறான், சர்க்கரையில அமிலம் பட்டதும் கருகி கரியாகி பிசின் மாதிரி கெட்டியாகி ஓட்டை அடையுது. சின்ன வயசுல அதைப் பாத்துட்டு வீட்டு சர்க்கரை டப்பாவை வேற கண்ணோட பாத்தவன் நான். இந்த ரெண்டு கதைக்கும் ஆள் ஒண்ணு, மூளை ஒண்ணு, வேற ஒட்டு உறவே கிடையாது.

அதனாலதான் ‘முன்கதை’யும் ஒத்துவராதுன்னு சொல்றேன். முன்கதைன்னா பின்னாடி வர்ற கதைக்கு முன்னாடி நடந்தது, வாரப் பத்திரிகை தொடர்கதையில ‘முன்கதைச் சுருக்கம்’ படிச்சு வளந்த நமக்கு வேற எதுவும் தோணாது. ‘முன்னோட்டம்’ ட்ரெய்லருக்குப் போயிடுச்சு. ‘வெள்ளோட்டம்’ சோதனை ஓட்டம். அக்கா சொன்ன ‘தனியன்’ ரொம்ப அழகு, பாசுரத்துக்கு முன்னாடி தனியா நிக்கிற செய்யுள், ஆனா அது நூலையும் பாடினவரையும் போற்றத்தானே வருது, தவிர கூட்டத்துல இருந்து பிரிஞ்ச யானைன்னு அர்த்தம் எடுக்கிறவங்களும் இருப்பாங்க.

என் ஓட்டு ‘வாசல் கதை’க்கு. வாசல் வீட்டைச் சேந்ததுதான், ஆனா வாசல்ல நடக்கிறதுக்கும் உள்ள அடுக்களையில நடக்கிறதுக்கும் சம்பந்தம் இருந்தாகணும்னு இல்லை. போறவங்க நின்னு பாத்துட்டு உள்ள வருவாங்க, இந்தக் குட்டி சாகசமும் அந்த வேலையைத்தான் செஞ்சது. திண்ணைக் கதைன்னும் யோசிச்சேன், கேட்டதும் வெட்டிப் பேச்சு ஞாபகம் வருது, விட்டுட்டேன்.

இன்னொண்ணு, கோல்ட் ஓப்பனையும், அதாவது டைட்டிலுக்கு முன்னாடியே நேரா ஆரம்பிக்கிற காட்சியையும், இதையும் ஒரே சொல்லுல அடைக்க வேணாம். கோல்ட் ஓப்பன் எதுவா வேணா இருக்கலாம், பல தொடர்ல அதுல விழற பிணத்தை வச்சுத்தான் மெயின் கதையே ஓடும். அதுக்கு ‘முன்காட்சி’ போதும். அதுலயே முழுசா முடிஞ்சுபோற தனிக்கதையா இருந்தா மட்டும் வாசல் கதை.

- - -

தம்பி, வாசல் கதை காதுக்கு நல்லா இருக்கு. தனியனை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா வாக்கியத்துல உக்காருதா? அதைப் பாக்காம நம்ம அகராதியில சேக்க முடியாது.

- - -

அக்கா, மெக்கைவர் பத்தின கட்டுரையில எழுதிப் பாத்தேன்: “முதல் பருவத்தில் வந்த வாசல் கதைகள் இரண்டாம் பருவத்தில் குறைந்து, பிறகு கைவிடப்பட்டன.” உக்காருது. சில எபிசோட்ல இதுக்கு தனியா ஒரு இயக்குநர் பேர் போடுவாங்க, அங்க “வாசல் கதை இயக்கம்”னு எபிசோட் அட்டவணையில ஒரு கட்டம் போட்டேன், அதுவும் இடிக்கல. ஐயா என்ன சொல்றார்னு பாத்துட்டு மத்த எபிசோடையும் நிரப்பறேன்.