தாளவாடி, ஆனைகட்டிக்காரர்களே, பழைய ரோமிங் பில் இருக்குங்களா?

வணக்கமுங்க. ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து செல்போன் அழைப்புக்குக் காசு போட்ட காலத்தைப் பற்றித் தம்பி கல்லூரியில் புராஜெக்ட் செய்கிறான். விதிகள் கிடைத்துவிட்டன, அனுபவப்பட்டவர்கள்தான் வேண்டும்.

ரோமிங்கில், அதாவது சிம் வாங்கிய தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வெளியே இருக்கும்போது, வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு இவ்வளவுதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்பு 2007இல் ரூ.1.75, 2013இல் 75 பைசா, 2015 மே முதல் 45 பைசா. சரி, ஆனால் அப்போது நம் எல்லையோர ஊர்களில் கதையே வேறு. ஆள் ஆனைகட்டியில் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார், போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். தாளவாடியில் கர்நாடகா டவர். எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்து டவரோ அந்தக் கணக்குத்தான். செட்டிங்குக்குள் போய் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைத்தால் ஓரளவு தப்பித்திருக்கலாம், அது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

அப்புறம் அந்தக் காலத்தில் இருந்த யூனிநார் செல்போன் நிறுவனம். டவரையும் நேரத்தையும் பொறுத்து அழைப்புக் கட்டணத் தள்ளுபடி மாறியது, திரையில் சதவீதம் தெரிந்தது. தள்ளுபடி கூடும்வரை காத்திருந்து பேசியவர்கள் யாராவது உண்டுங்களா? எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம்.

வாளையார், கோபாலபுரம் பக்கத்து அண்ணன், அக்காமார்களும் சொல்லுங்க. 2015க்கு முந்தைய போஸ்ட்பெய்டு பில் இருந்தால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்துப் போடுங்க. ரோமிங் கட்டணம் இருக்கும் வரி மட்டும் தெரிந்தால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் அவனுக்கு உதவியாக இருக்கும்.