கீழக்கரை ப்ரூச்: புதுப்பிப்பு

கீழக்கரையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய, கருத்துப்போன மீன் வடிவச் சேலை ப்ரூச் உண்மையில் வெள்ளிதானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பின்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள்.

பார்த்தேன். ஊக்கின் கீல் அருகே, அழுக்கு படிந்த பள்ளத்தில், ‘கோரோகிராஃப்ட்’ (ஓர் அமெரிக்கக் கவரிங் நகை வணிகப் பெயர்), ‘ஸ்டெர்லிங்’ (92.5 சதவீத வெள்ளி) என்ற இரண்டு முத்திரைகளும் தெளிவாகவே இருக்கின்றன. 1942-இல் போர்த் தேவைக்காக ஈயம், தகரம் போன்ற உலோகங்களுக்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தபோது, அங்கிருந்த கவரிங் நகை நிறுவனங்கள் இந்த ஸ்டெர்லிங் வெள்ளியில் தங்க முலாம் பூசி விற்கத் தொடங்கின. என்னுடையதும் அந்த வகைதான். செதில் இடுக்குகளில் மஞ்சள் முலாம் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

இராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் பத்தர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து வெள்ளி என்று உறுதி சொன்னார். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் துலக்கித் தருகிறேன் என்றதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. கண்ணாடிக் கற்களின் அடியில் ஒட்டியுள்ள பளபளப்புப் பூச்சில் ஈரம் இறங்கினால் கல் மங்கிவிடும், அழுத்தித் தேய்த்தால் முலாமும் போய்விடும்.

இப்போதைக்கு மென்பருத்தித் துணியால் துடைத்து, உப்புக்காற்று படாதபடி சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஜிப் உறையில் வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள்; அதிலுள்ள கந்தகமே வெள்ளியைக் கருக்கிவிடும்.