கண்டி டவுனில் உயரக் கட்டலாமா, கூடாதா?

மகியாவை வாசி:
டவுனில் ஏழெட்டு மாடி எழும்பினால் உடனே "பாரம்பரியம் போச்சு" என்கிறார்கள். சரி, நாங்கள் எங்கே இருப்பது? சுற்றிலும் மலை, விரிய நிலம் இல்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கடை வேலைக்கு வரும் பிள்ளைகள் போர்டிங்கில் ஒரே அறையில் நாலைந்து பேராகக் கிடக்கிறார்கள். உயரக் கட்டினால்தான் வாடகை இறங்கும்.

கட்டுக்கலை அக்கா:
தம்பி, வாடகைக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் வாவியைப் பார்த்தபடி எழும்புவது அந்தப் பிள்ளைகளுக்கான வீடா, ஹோட்டலா? 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது தலதா மாளிகையை மட்டும் இல்லை, கண்டிப் புனித நகரத்தை. அந்த வாவியே கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயல்வெளியில் அணைகட்டித் தேக்கியது. அவர் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவர். இந்த நகரத்தைக் காப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஒருநாள் வாவிச் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். அலை அலையாக வளைந்த மேல்விளிம்பு, உடம்பு முழுக்க விளக்கு வைக்கும் முக்கோணக் குழிகள். பின்னால் மரமும் மலை முகடும் தெரிகிறபோதுதான் அதற்கு அழகு. பத்து மாடிக் கண்ணாடிச் சுவர் வந்தால் அதை யார் பார்ப்பார்கள்?

பேராதனை மாணவன்:
அழகை விடுங்கள், மண்ணைப் பற்றிப் பேசுவோம். 2020 செப்டெம்பரில் பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் போய்விட்டார்கள். சரிவை வெட்டித் தளம் போட்டால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். மழைத்தண்ணீர் வடிய வழி விடாவிட்டால் அது தாங்குசுவருக்குப் பின்னால் தேங்கித் தள்ளும். மாடி கூடக் கூட வெட்டும் ஆழமாகிறது.

மகியாவை வாசி:
அது உயரத்தின் பிழையா, கட்டிய விதத்தின் பிழையா? பாறை வரை பைல் என்ற அடித்தூண் இறக்கி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னபடி கட்டினால் நிற்கும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் மண்ணுக்குள் போனது மாடி வீடா? தோட்டத் தொழிலாளரின் லயன் காம்பரா! மலைநாட்டில் பாதுகாப்பான நிலம் கொஞ்சம்தான். அதில் நிறையப் பேர் இருக்க வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும்.

கட்டுக்கலை அக்கா:
அப்படியென்றால் அந்த வீடுகளை டவுனுக்கு வெளியே குண்டசாலை, பல்லேகலைப் பக்கம் கட்டட்டும். அங்கே சமதரை கூட. நான் வேண்டாம் என்பது வாவியைச் சுற்றியும் பழைய தெருக்களிலும்தான். அந்தத் தெருக்களில் கடைகளுக்கு மேலே மர பல்கனியோடு எத்தனை அறைகள் கோடவுனாகப் பூட்டிக் கிடக்கின்றன! முதலில் அவற்றைத் திருத்தி வாடகைக்கு விடச் சொல்லுவோம்.

பேராதனை மாணவன்:
அக்கா சொல்வது நடக்கக்கூடியது. வாகனப் புகை ஏற்கெனவே இந்தக் கிண்ணத்துக்குள் அடைபட்டு நிற்கிறது. டவுன் நடுவில் இன்னும் ஆள் சேர்த்தால் மூச்சு விட முடியாது.

மகியாவை வாசி:
குண்டசாலையிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடையில் நாள் சம்பளம் வாங்குகிறவனை வெளியே அனுப்புவது சுலபம், அக்கா. பூட்டிய அறைகளைத் திறப்பதென்றால் சரி, நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் உளுத்த பலகையை மாற்றுகிற செலவை யார் ஏற்பது, திருத்திய பிறகு வாடகை என்ன? அதற்குப் பதில் வரும்வரை உயரக் கட்ட வேண்டும் என்றுதான் கேட்பேன்.